முதலாம் ஆண்டுப் பிள்ளை தினமும் நேரத்தோடு பள்ளி போக: கோலாலம்பூர்ப் பெற்றோருக்கு

முதலாம் ஆண்டுப் பிள்ளை தாமதமாகப் பள்ளிக்குப் போனால் அதில் பிள்ளையின் பங்கு மிகக் குறைவு. முந்தின இரவு எப்போது படுத்தது, வேன் எத்தனை மணிக்கு வருகிறது, லிஃப்டுக்காக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கினோமா இல்லையா, எல்லாமே பெரியவர்கள் கையில் இருப்பவை. செந்தூலோ செராஸோ பிரிக்பீல்ட்ஸோ, கோலாலம்பூரில் முதல் முறையாகப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. பள்ளி தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பதிவு நாளிலோ அறிமுக நாளிலோ பள்ளி அலுவலகத்தில் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நுழைவாயில் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? சபைகூடல் எந்த நாளில்? முதலாம் ஆண்டு எத்தனை மணிக்கு விடும், வெள்ளிக்கிழமை எப்போது விடும்? வெள்ளிக்கிழமை நேரம் பல பள்ளிகளில் வேறு. முதல் வெள்ளியன்றே வாசலில் தனியாக நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப் குழுவில் அப்பா, அம்மா இருவருமே சேர வேண்டும். ஒருவர் மட்டும் சேர்ந்து, அவர் இரவு வேலையில் இருந்தால், "நாளை உடற்கல்வி உடை" என்ற செய்தி காலை 6 மணிக்குத்தான் கண்ணில் படும். அப்புறம் அலமாரியைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே வேன் போய்விடும்.

ஒரு கோப்பில் பிறப்புப் பத்திர நகல், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) நகல், பெற்றோர் இருவரின் மைகார்டு (பெரியவர்களின் அடையாள அட்டை) நகல், தடுப்பூசிப் புத்தகம், மின்கட்டண பில் ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். உதவித்தொகை, காப்புறுதி, பள்ளி மாற்றம் என்று ஆண்டு முழுக்க இதே தாள்கள்தான் திரும்பத் திரும்பத் தேவைப்படும். அவசரத் தொடர்புக்கு மூன்றாவதாக ஓர் எண் கொடுங்கள். பாட்டியோ சித்தியோ, அரை மணி நேரத்தில் பள்ளிக்கு வரக்கூடியவராக இருக்க வேண்டும். ஈப்போவில் இருக்கும் மாமாவின் எண்ணைக் கொடுத்துப் பயனில்லை.

2. மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான பள்ளிகளில் காலை 7.30-ஐ ஒட்டி மணி அடிக்கும். உங்கள் பள்ளியின் நேரம் எதுவோ அதிலிருந்து பின்னால் வாருங்கள். 7.30 என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளை 7.15-க்கு வாசலுக்குள் இருக்க வேண்டும். ஏழு வயசுப் பிள்ளைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய், அதை வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்வந்து வரிசையில் நிற்க அந்தக் கால் மணி நேரம் முழுசாகத் தேவை. வாசலருகே கார்கள் வரிசையாக நிற்கும், அதற்கு 10 நிமிடம். பயணம் 20 நிமிடம் என்றால் 6.45-க்கு வண்டி நகர வேண்டும். பி.பி.ஆர். எனும் அரசாங்க மலிவு வீட்டு அடுக்குமாடியில் இருந்தால் காலை நேர லிஃப்டுக்கு இன்னொரு 10 நிமிடம். அப்படியென்றால் 6.35-க்கு வீட்டுக் கதவைப் பூட்ட வேண்டும். எழுந்து, குளித்து, உடுத்தி, ஒரு வாய் சாப்பிட 50 நிமிடம். ஆக 5.45-க்கு எழுப்ப வேண்டும்.

இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 5.45-க்கு எழ வேண்டிய பிள்ளை 8.30-க்குத் தூங்கியிருந்தால்தான் ஒன்பதே கால் மணி நேரமாவது கிடைக்கும். 8.30 என்பது கண் மூடியிருக்க வேண்டிய நேரம். அதற்கு 8 மணிக்கே விளக்கைக் குறைத்து, கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தியாக வேண்டும். வேலை முடிந்து 7.30-க்கு வீடு திரும்பும் பெற்றோருக்கு இது கஷ்டம்தான். ஆனால் இதைச் சரி செய்யாமல் காலையில் எவ்வளவு கத்தினாலும் பலன் இல்லை. இரவு உணவை முன்னால் கொண்டுவாருங்கள். வீட்டுப்பாடத்தைப் பராமரிப்பு இல்லத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

கோலாலம்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே சூரியன் உதிப்பதே ஏழேகாலுக்கு மேல்தான். பிள்ளை எழும் நேரம் நள்ளிரவு போலவே இருட்டாக இருக்கும், உடம்பு விழிக்க மறுக்கும். 5.45-க்கு அறை விளக்கை முழுதாகப் போடுங்கள், முகம் கழுவ விடுங்கள், அதற்கப்புறம் பேசுங்கள். இருட்டிலேயே உலுக்கி எழுப்பினால் அழுகையில்தான் முடியும்.

பள்ளி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே இந்த நேரத்துக்குப் பழக்குங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னால் தள்ளினால் போதும். சனி, ஞாயிறு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஞாயிறு 10 மணி வரை தூங்கிய பிள்ளைக்கு அன்று இரவு 8.30-க்குத் தூக்கம் வராது, திங்கள் காலை அதன் விலை தெரியும்.

இரவே செய்து முடிக்க வேண்டியவை: கால அட்டவணை பார்த்துப் பையை அடுக்குவது, சீருடையைத் தேய்த்து மாட்டுவது, காலுறையைக் காலணிக்குள்ளேயே வைப்பது, தண்ணீர்ப் போத்தலை நிரப்புவது, ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய தாளில் கையெழுத்துப் போடுவது. காலணி இரண்டு சோடி இருக்கட்டும். நம் ஊர் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், பள்ளி விட்டு வரும்போது நனைந்த காலணி மறுநாள் காலைக்குள் காயாது. கறுப்புக் காலணி என்பதால் அழுக்கு தெரியாது, ஈரம் தெரியும்.

3. வேன், கார், மாற்று ஏற்பாடு

பள்ளி வேன் கட்டணம் கோலாலம்பூரில் தூரத்தைப் பொறுத்து மாதம் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போகும். பேசி முடிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

முதலில், உங்கள் பிள்ளை எத்தனையாவதாக ஏறும்? முதலாவதாக ஏறினால் 5.50-க்கே வேன் வாசலில் நிற்கும், பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேனில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும். அடுத்து, பள்ளி விடுமுறை மாதத்துக்கும் கட்டணம் உண்டா? பலர் ஆண்டுக்கு 12 மாதமும் வாங்குகிறார்கள். இதை முதலிலேயே பேசாவிட்டால் டிசம்பரில் சண்டை வரும். வேன் பழுதானால் மாற்று வண்டி வருமா, எத்தனை மணிக்குள் உங்களுக்குச் சொல்வார்? பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கான உரிமம் இருக்கிறதா? உரிமமும் காப்புறுதியும் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வேன்காரர் கீழே காத்திருக்க மாட்டார். இரண்டு நிமிடம் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் பத்துப் பிள்ளைகளும் தாமதமாகும். அவர் சொன்ன நேரத்துக்கு 5 நிமிடம் முன்பே கீழே இருங்கள்.

காரில் கொண்டுபோய் விடுபவர்கள் பள்ளி திறக்கும் முதல் வாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அப்போது எல்லாப் பெற்றோரும் கூடவே வருவதால் நெரிசல் அதிகம். மூன்றாம் வாரத்துத் திங்கட்கிழமைதான் சரியான அளவுகோல். ஜாலான் ஈப்போ, பழைய கிள்ளான் சாலை மாதிரிப் பாதைகளில் 6.50-க்குக் கிளம்புவதற்கும் 7 மணிக்குக் கிளம்புவதற்கும் இருக்கும் வித்தியாசம் பத்து நிமிடத்தோடு நிற்காது.

மாற்று ஏற்பாடு ஒன்று கட்டாயம் வேண்டும். அதே பள்ளிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மழைக் காலையில் கிராப் வாடகைக் கார்க் கட்டணம் ஏறும், வண்டியும் உடனே கிடைக்காது. கடைசி வழியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

4. பத்து நிமிடத் தாமதத்தில் எவ்வளவு போகிறது

"பத்து நிமிஷம்தானே" என்பார்கள். தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம். தினமும் 10 நிமிடம் தாமதம் என்றால் வாரத்துக்கு 50 நிமிடம், மாதத்துக்கு ஆறு பாடவேளைக்கு மேல். அதுவும் எப்போதும் அதே முதல் பாடவேளையாக இருக்கும். செவ்வாய் காலை முதல் பாடம் கணிதம் என்றால், ஒவ்வொரு செவ்வாயும் கணிதத்தின் தொடக்கம்தான் போகிறது. ஆசிரியர் புதுசாக ஒன்றைச் சொல்லித்தருவதும் அந்தத் தொடக்கத்தில்தான்.

தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே நேரத்தில் வாசிக்கப் பழகுகிறது. உயிர்மெய் எழுத்துகள் வரிசை வரிசையாக வரும். ஒரு வாரம் வராத பிள்ளைக்கு ஒரு வரிசை முழுவதும் விட்டுப்போகலாம், அடுத்த வாரம் ஆசிரியர் அதை வைத்துச் சொல் கட்டத் தொடங்கியிருப்பார். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் ஆண்டு முழுக்கப் பார்த்துத்தான் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார். பிள்ளை வகுப்பில் இல்லாத நாளில் அவர் எதைப் பார்ப்பார்?

தாமதமாக வரும் பிள்ளைக்கு நேரும் அவமானத்தையும் மறக்காதீர்கள். வாசலில் பெயர் எழுதுவார்கள், வகுப்பே திரும்பிப் பார்க்கும். இதற்கு அஞ்சியே "இன்னிக்கு லேட்டாயிருச்சு, போக வேண்டாம்" என்று வீட்டிலேயே நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. 8.30 ஆனாலும் கொண்டுபோய் விடுங்கள். நீங்களே அலுவலகம் வரை போய்க் காரணம் சொல்லுங்கள், பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். வருகைப் பதிவு காலையிலேயே முடிந்திருந்தால் பிள்ளை வரவில்லை என்று பதிவாகியிருக்கும். அன்றைக்கே வகுப்பாசிரியருக்குச் செய்தி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

காலைச் சாப்பாட்டையும் கவனியுங்கள். கூடுதல் உணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் வகுப்புக்கு முன்பே உணவு கொடுத்துவிடுவார்கள். தாமதமாக வரும் பிள்ளை ஓய்வு நேரம் வரை பசியோடு இருக்கும்.

5. உடம்பு சரியில்லை என்றால்: அனுப்பலாமா, வேண்டாமா

காலை 6 மணிக்கு எடுக்க வேண்டிய முடிவு இது. முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் தடுமாற்றம் இருக்காது.

அனுப்பலாம்: காய்ச்சல் இல்லாத சாதாரணச் சளி, லேசான இருமல், தலையில் பேன். பேனுக்கு அன்றிரவே மருந்து போட்டுச் சீவிவிட்டு மறுநாள் அனுப்புங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரைப் பெயர் எழுதிக் கொடுத்தனுப்பி, எப்படி அடிக்க வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் நேரில் காட்டுங்கள்.

அனுப்பக் கூடாது: 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். காலையில் பாராசிட்டமோல் கொடுத்துக் காய்ச்சலை இறக்கி அனுப்பினால் 10, 11 மணிவாக்கில் திரும்ப ஏறும், பள்ளி உங்களை அழைக்கும், அதற்குள் பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் நின்று ஒரு நாளாவது ஆக வேண்டும். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். கை, கால், வாய் நோய் நம் நாட்டில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பது. உள்ளங்கையிலும் பாதத்திலும் புள்ளி, வாய்க்குள் புண் பார்த்தால் உடனே கிளினிக் போங்கள். மருத்துவர் சொல்லும் நாள் வரை, பெரும்பாலும் 10 நாள் வரை, வீட்டில்தான்.

எம்.சி. விஷயத்தில் பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு நாள் வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போய், முதல் இரண்டு நாளுக்கும் சேர்த்து எம்.சி. கேட்பார்கள். மருத்துவர்கள் முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள். இரண்டு நாளும் காரணமில்லாத விடுப்பாகிவிடும். முதல் நாளே போங்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், காத்திருக்கத்தான் நேரமாகும். தனியார் கிளினிக்கில் மருந்தோடு 50 வெள்ளியைத் தாண்டுவது சகஜம். எம்.சி.யைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அசலை வகுப்பாசிரியரிடம் சேருங்கள். பையில் போட்டனுப்பினால் அது பைக்குள்ளேயே கிடக்கும்.

6. கடிதமும் எச்சரிக்கையும்

பிள்ளை வராத நாளில் காலை 7 மணிக்கு முன்பே வகுப்பாசிரியருக்குச் செய்தி அனுப்புங்கள். பெயர், வகுப்பு, காரணம், எத்தனை நாள் என்று இரண்டு வரி போதும். வாட்ஸ்அப் தகவலோடு நின்றுவிடாமல், திரும்பி வரும் நாளில் எம்.சி.யோ கையொப்பமிட்ட கடிதமோ கொடுக்க வேண்டும். கோப்பில் நிற்பது தாள்தான்.

காரணம் சொல்லாமல் தொடர்ந்து 3 நாள் வராவிட்டால் பள்ளி முதல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். விட்டு விட்டு வராமலிருந்தால் 10 நாள் சேரும்போது அனுப்பும். தொடர்ந்தால் அடுத்தடுத்த கடிதங்கள் வரும். மாதத்துக்கு இரண்டு நாள் என்பது சின்னதாகத் தோன்றும். ஐந்தாம் மாதத்திலேயே 10 ஆகிவிடும். கடிதம் வந்தால் பயந்து மறைக்காதீர்கள். எழுத்தில் பதில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். நிஜமான கஷ்டம் இருந்தால் அங்கேதான் வழி பிறக்கும்.

தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம். பிள்ளையைப் பதியாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

7. திருவிழா, கல்யாணம், இந்தியப் பயணம்

பள்ளி நாட்காட்டி வந்தவுடன் குடும்ப நிகழ்ச்சிகளை அதன் மேல் குறித்துப் பாருங்கள். கோலாலம்பூரில் தைப்பூசம் பொது விடுமுறை, மறுநாள் அப்படி இல்லை. பத்துமலையில் இரவெல்லாம் கண் விழித்த பிள்ளை மறுநாள் எழாது. சின்னப் பிள்ளையை அழைத்துப் போவதாக இருந்தால் விடுமுறை நாள் அதிகாலையிலேயே போய்ப் பிற்பகலுக்குள் வீடு திரும்புங்கள். பொங்கல் பொது விடுமுறை இல்லை. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும்போது அது பள்ளி திறந்த புதிதில் வந்து விழும், பிள்ளை வகுப்புக்கே இன்னும் பழகியிருக்காது. பொங்கலை அதிகாலையிலேயே வைத்துவிட்டு அனுப்ப முடிந்தால் நல்லது.

விமான டிக்கெட் மலிவு என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கிளம்புவது பரவலான பழக்கம். தவிர்க்கவே முடியாதென்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தலைமையாசிரியருக்குக் கடிதமும் டிக்கெட் நகலும் கொடுங்கள். கடிதம் கொடுத்ததாலேயே அனுமதி கிடைத்ததாகிவிடாது, பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாள்களின் பயிற்சித் தாள்களையும் கேளுங்கள்.

8. திங்கள்தோறும் வயிற்றுவலி

வலி பத்து மணிக்குள் போய்விடுகிறதா, சனி ஞாயிறு வருவதே இல்லையா என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அப்படித்தான் என்றால் பிள்ளை பொய் சொல்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், வலி உண்மையாகவே இருக்கும். காரணம்தான் பள்ளியில் எங்கோ இருக்கும். "ஏன் போக மாட்டே?" என்று கேட்டால் பதில் வராது. "ஓய்வு நேரத்துல யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே? எந்தக் கழிவறைக்குப் போவே? யார் பக்கத்துல உட்காரப் பிடிக்கலே?" என்று கேளுங்கள். கழிவறை அசுத்தமாக இருப்பதால் நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர். வேனில் பெரிய பிள்ளைகள் சீண்டுவது, கரும்பலகை தெரியாமலிருப்பது, சிற்றுண்டிச்சாலை வரிசையில் நிற்கப் பயப்படுவது, இவையும் அடிக்கடி வருபவை. வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைக் கேளுங்கள். இந்த நாள்களில் "சரி, இன்னிக்கு மட்டும் வீட்டில இரு" என்று விட்டுக்கொடுத்தால் அடுத்த நாள் இரண்டு மடங்கு சிரமமாகும். அரை நாளாவது போகட்டும்.

9. வீடு மாறும்போது

கெப்போங்கிலிருந்து செராஸுக்கு வீடு மாறியவுடன் பழைய பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். மாற்றம் உறுதியாகும் வரை பிள்ளை பழைய பள்ளியின் பட்டியலில்தான் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் வராத நாளாகவே பதிவாகும். வீட்டு ஒப்பந்தம் போட்ட வாரமே கல்வி அமைச்சின் ஐடிமீ (idMe) இணையத்தளத்தில் பள்ளி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். முத்திரைத் தீர்வை கட்டிய வாடகை ஒப்பந்தம், புதிய முகவரிக்கு வந்த மின்கட்டண அல்லது தண்ணீர் பில், பிள்ளையின் மைகிட், பெற்றோரின் மைகார்டு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பில் உரிமையாளர் பெயரில் இருந்தால் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் காட்டுங்கள்.

புதிய பள்ளியில் இடம் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். இழுத்துக்கொண்டே போனால் உங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தை அணுகலாம். கோலாலம்பூரில் பங்சார் புடு, கெராமாட், செந்தூல் என்று மூன்று இருக்கின்றன. முடிந்தவர்கள் வீடு மாறுவதையே மே கடைசி விடுமுறையிலோ டிசம்பரிலோ வைத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் இடைப்பட்ட வாரங்களுக்குப் பழைய பள்ளியின் அருகில் இருக்கும் உறவினர் வீட்டில் பிள்ளையை ஞாயிறு இரவே கொண்டுபோய் விட்டு, வெள்ளி பள்ளி விட்டதும் கூட்டி வரலாம்.